நாலாவது காலை யார் பிடிப்பது?

போன சனிக்கிழமை லெட்சுமி அக்கா எங்களை ஜெபம் பண்ண விடவில்லை.

சண்டையா? இல்லை, இல்லை. லெட்சுமி அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்தார். முதுகில் பலத்த அடி. அன்றிலிருந்து நடக்க முடியாது, கட்டில்தான். அவர் இந்து. இருந்தாலும் சனிக்கிழமைதோறும் நாங்கள் மூன்று பேர் அவரைப் பார்க்கப் போவோம் — சேர்ச் பெண்கள் சங்கத் தலைவி எஸ்தர் அக்கா, கொழுந்தெடுக்கும் ரெஜினா, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அன்றும் நான் பைபிளைத் திறந்தேன்.

"இன்னைக்கு வேணாங்க டீச்சரம்மா..." என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அவருடைய ஒரே மகள் சாந்திக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம்.

"நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். புள்ள கோவிச்சுக்கிட்டு கோயில் பக்கத்துல அத்த வீட்டுக்குப் போயிருச்சு. ராத்திரியும் அங்கதானாம்."

"ஏன்க்கா வரமாட்டீங்க?"

"தல நாறுதுங்க. மாப்புள வீட்டு ஆளுங்க பக்கத்துல எப்புடி உட்கார்றது?"

தண்ணீர் கொட்டும் பீலி இருப்பது கீழே, பள்ளத்தில். சாந்தி வேலை முடிந்து வந்து ஒரு வாளிதான் தூக்க முடியும். உடம்பு துடைக்கவே அது சரியாகிவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றி நாலு மாதமாம்!

இரண்டு வருடமாக அந்த அறைக்குப் போய் வருகிறோம். 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று ஒரு நாளாவது கேட்டோமா? அதையும் ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

நான் பைபிளில் பக்கம் புரட்டினேன். ரெஜினா பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்:

"விறகு இருக்காக்கா? சுடுதண்ணி போடுறேன்."

அப்புறம் நடந்தது ஜெபக்கூட்டம் மாதிரியே இல்லை. நான் வாளியோடு பீலிக்கு நாலு நடை. எஸ்தர் அக்கா சிக்கெடுத்தார். ரெஜினா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தலையைத் தேய்த்தாள். லெட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா அழுத்தித் தேயி புள்ள... ஷாம்பு இன்னொரு பக்கட் போடு" என்று சிரித்துக்கொண்டே அதிகாரம் பண்ணினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தலை துவட்டியதும் ஒரு கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார். "சரிங்க. நான் போறேன்" என்றார்.

எப்படி? லயத்திலிருந்து ரோட்டுக்கு அறுபது படி. ஆம்பிளைகள் எல்லோரும் விடியுமுன்னே பந்தல் வேலைக்குப் போய்விடுவார்கள்.

"நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றாள் ரெஜினா.

வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா ரெஜினாவைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒம்பது மணிக்கு ஆராதனை. ஒம்பதேகாலுக்கு முகூர்த்தம். சேர்ச்ச விட்டுட்டு கோயிலுக்கா போறது? பாஸ்டர் என்ன சொல்லுவாரு?"

"நாம சாமி கும்புடவாக்கா போறோம்? ஒரு தாய அவ மக கல்யாணத்துல உட்கார வைக்கப் போறோம்."

எஸ்தர் அக்கா விறுவிறுவென்று நடந்துவிட்டார். நானா? அவர் பின்னாலேயே நடந்தேன். ஞாயிறு பைபிள் வாசிப்பு என்னுடைய முறை.

விடிந்ததும் துணிந்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. தூக்க ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சேர்ச்சுக்கு ஓடிவிடலாம் என்றுதான் போனேன்.

போனால்... நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார் எஸ்தர் அக்கா!

"கால் ஆடுது டீச்சர். வழியில கழண்டுட்டா என்ன பண்றது?" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

லெட்சுமி அக்கா அரக்குச் சேலையில், பூ வைத்து, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தூக்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் சரிந்தது. நாங்கள் மூன்று பேர். நாற்காலிக்கோ நாலு கால். கீழே ரோட்டில், ரெஜினா சொல்லி வைத்திருந்த திரீவீலர்க்காரர் சுனில் வண்டியோடு காத்திருந்தார். அவருக்கோ ஒரு கையால் பாரம் தூக்க முடியாது. மணி எட்டே முக்கால்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம். பக்கத்து டவுன் கொடகவெலயிலிருந்து ஆராதனைக்கு வரும் எங்கள் பாஸ்டர்! வண்டியை நிறுத்தி, சுனிலிடம் என்னவோ கேட்டார். பிறகு படியேறி வந்தார். கையில் மடித்த வெள்ளை அங்கி.

எஸ்தர் அக்காவுக்கு வேர்த்துவிட்டது. "பாஸ்டரய்யா, இந்த ஒரு நாளைக்கு மட்டும்..."

அவர் நாற்காலியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அங்கியை ரெஜினாவின் தோளில் போட்டார்.

"நாலாவது கால யாரு புடிக்கிறது?" என்றபடி குனிந்தார்.

அறுபது படி! கீழேயிருந்து சுனில் சிங்களத்தில், "பரிஸ்ஸமென்! பரிஸ்ஸமென்!" — கவனம், கவனம் — என்று கத்திக்கொண்டேயிருந்தார். பயத்தில் லெட்சுமி அக்கா முருகனைக் கூப்பிட்டார். எஸ்தர் அக்கா இயேசுவைக் கூப்பிட்டார். யார் கேட்டாரோ, ஒருவரும் விழவில்லை.

திரீவீலர் கூரையில் நாற்காலி, உள்ளே நாங்கள், பின்னால் மோட்டார் சைக்கிளில் பாஸ்டர். கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. நாற்காலி உள்ளே போனதைக் கண்ட சாந்தி, மணவறையிலிருந்து அப்படியே எழுந்து ஓடிவந்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், தலையில் முகம் வைத்துத் திகைத்தாள்.

"அம்மா... தல குளிச்சியா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் அழ, மாப்பிள்ளை அழ, மேளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பலமாக அடிக்க... நான் மட்டும் அழவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

தாலி ஏறியதும் ஓடினோம். சேர்ச்சில் அத்தனை பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பாஸ்டரின் சட்டையில் பன்னீர் வாசம். பைபிளைத் திறந்தார், மூச்சு வாங்கியது, மூடினார். வழக்கமாக முக்கால் மணி நேரம் ஓடும் பிரசங்கம், அன்று ஐந்தே நிமிடத்தில் ஆமென்.

இப்போது எங்கள் சபையார் என்னிடம் ஆவலோடு விசாரிக்கிறார்கள் — தோட்டத்தில் அடுத்த கல்யாணம் எப்போதாம்?