தாராவின் ஈரல் ரிப்போர்ட்

குன்னூரில் ஒரு தனியார் லேப், நோயே இல்லாத குழந்தையை நோயாளி ஆக்கிவிட்டது.

என் அக்கா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அவள் மகள் தாராவுக்கு ஏழு வயது. காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஈரல் என்சைம் ஒன்று அதிகம் என்று சிவப்பில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லோரும் மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டினார்கள். முட்டை, எண்ணெய், உப்பு எல்லாம் நின்றது. காய்ச்சல் விட்ட பிறகும் உப்பில்லாத கஞ்சிதான். பிள்ளை பசியில் அழுதாள்.

இன்று அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா தாராவின் கண்ணையும் வயிற்றையும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் படித்தார்.

“ஏனுங்க, பாப்பா வளர்ற வயசு. வளர்ற எலும்புல இருந்தும் இந்த என்சைம் வரும். இதுல போட்டிருக்கறது பெரியவங்களுக்கு இருக்க வேண்டிய அளவு. இவ வயசுக்கு இது சரிதானுங்க. மத்ததும் நார்மல்.”

“அப்ப முட்டை?” என்றாள் தாரா.

“ரெண்டா சாப்பிடு சாமி.”

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் டாக்டர் அவளை அவசரப்படுத்தவில்லை. அரசு மருத்துவமனையைத் திட்டியே பழகிய வாயால் சொல்கிறேன்: நன்றி, டாக்டர்.

திரும்பும்போது அந்த லேபுக்குள் நுழைந்தேன்.

“குழந்தைங்க அளவை ஏனுங்க போடறதில்ல?”

“சாப்ட்வேர்ல அப்படித்தானுங்க வருது.”

“அப்ப சாப்ட்வேரை மாத்துங்க. இன்னொரு பிள்ளை பட்டினி கிடக்கறதுக்குள்ள மாத்துங்க.”

கவுன்டரில் இருந்தவர் முழு உடல் பரிசோதனைக்கான தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை நீட்டினார்.