நிம்மதிக்கு மார்க் போட்ட கதை

மனசை அளக்கிற தொழிலில் மனசைத் தவிர எல்லாவற்றையும் அளந்துவிடலாம். சர்வே எடுத்து, சராசரி போட்டு வயிறு வளர்த்த சக பாவிகளே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் குன்னூரில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் இருந்தேன். எஸ்டேட் ஆட்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்து, ‘மனநிம்மதி’ எவ்வளவு கூடியது என்று கணக்குக் காட்டுவோம். முதலாளி முரளி சார், கோயம்புத்தூர்க்காரர்.

ஏழு முகங்கள்

நிம்மதியை அளக்க நாங்கள் நீட்டும் தாளில் அழுமூஞ்சி முதல் சிரிப்பு வரை ஏழு முகங்கள் இருக்கும்; தன் மனசுக்குப் பொருந்துகிறதைத் தொட வேண்டும். கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இலை பறிக்கிற சரசக்கா, பயிற்சிக்கு முன் மூன்றாவது முகத்தைத் தொட்டார். பயிற்சி முடிந்ததும் நான்காவதை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்று ஆகியிருந்த நேரம் அது. எப்படிக்கா நிம்மதி கூடியது என்று கேட்டேன்.

“ஒக்காந்து மூச்சு உட்டதுல முட்டி வலி கொறஞ்சுதுங்க அம்மணி. மனசு அப்படியேதான் கெடக்குது, அதுக்கு இதுல மூஞ்சி இல்லீங்களே.”

மேஸ்திரி நின்ற இடம்

அந்த எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். பயிற்சிக்கு முன் எல்லாரும் ஏறக்குறைய ஒரே முகம். பயிற்சிக்குப் பின் எல்லாரும் அதற்கு அடுத்த முகம். சரசக்கா இருந்த கீழ் டிவிஷனில் நான் மட்டும் நின்றேன். அங்கே பதில்கள் ஆளுக்கொன்றாகச் சிதறின. சராசரியாகக் கூடியது இரண்டு இடத்திலும் ஒரே ஒரு புள்ளிதான், அதாவது ஒரு முகம்.

விளைவின் அளவு, அதாவது எஃபெக்ட் சைஸ், பார்க்க அந்த ஒரு புள்ளியைச் சிதறலால் வகுப்பார்கள். சிதறல் ரொம்பக் குறைந்த இடத்தில் கடுகும் மலையாகிவிடும். மேல் டிவிஷனில் ‘மிகப் பெரிய விளைவு’. கீழே ‘சிறிய விளைவு’. வித்தியாசம் மேஸ்திரிதான் சார் என்று முரளி சாரிடம் சொன்னேன். சார் தாளைவிட்டுத் தலை தூக்காமலே சொன்னார்:

“கீழ் டிவிஷன்காரங்களுக்கு மூச்சு உடவே தெரியல போல அம்மணி.”

மூன்றில் ஒன்று

முடிவைச் சொல்ல மூன்று வழிகள் இருந்தன: ஏழில் ஒரு புள்ளி என்று உள்ளபடி சொல்வது, எத்தனை பேர் மேலே போனார்கள் என்பது, சிதறலால் வகுத்த எண். சார் மூன்றையும் போட்டுப் பார்த்து, பெரிதாகத் தெரிந்த மூன்றாவதை, அதுவும் மேல் டிவிஷனுடையதை மட்டும், ரிப்போர்ட்டின் நெற்றியில் ஒட்டினார். எதைச் சொல்வது என்று தாள் கொடுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

“பொண்ணு பாக்க நல்லா உழுந்த போட்டோவைத்தானே குடுத்து அனுப்பறோம்?”

நர்ஸ் வேலை

எஸ்டேட் ஆபீசில் மீட்டிங். மேனேஜர் ‘மிகப் பெரிய’ என்ற இரண்டு சொல்லை மட்டும் படித்துவிட்டு, மனசு இவ்வளவு தேறிவிட்டதென்றால் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கான ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எதற்கு என்றார். தூக்கமில்லை, தலைவலி என்று பெண்கள் போய் நிற்பது அந்த நர்ஸிடம்தான். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். முரளி சார் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் எழுந்து, “கூடினது ஏழில் ஒரு புள்ளிங்க சார். ஒரு புள்ளி கூடினால் நல்லாத் தூங்குவார்களா என்று நாங்கள் கேட்கவே இல்லை. பாதிப் பேர் மேஸ்திரிக்குப் பயந்து தொட்டது” என்றேன்.

மேனேஜர் ரிப்போர்ட்டை மூடினார். நர்ஸ் வேலையில் நீடித்தார், பயிற்சி நின்றது. ஜீப் குன்னூர் சேரும் முன் என் வேலையும் நின்றது. இறக்கிவிடும்போது முரளி சார் வருத்தமாகவே சொன்னார்:

“உனக்குக் கணக்குத் தெரியுது அம்மணி, தொழில்தான் தெரியல.”

எண்ணைவிட, அதன் முன்னால் ஒட்டுகிற ‘பெரிய’ என்ற சொல்லுக்குத்தான் மவுசு என்பதே நான் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த புள்ளியியல்.