சுகர் லேண்டில் எங்கள் பேஸ்பால் கிளப்

கிரிக்கெட் ஆட இடம் கிடைக்காததால்தான் நாங்கள் பேஸ்பாலுக்குப் போனோம். டெக்சஸில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் இருந்தது பேஸ்பால் மைதானம் மட்டும்தான். சனிக்கிழமை காலைகளில் அது காலியாகக் கிடக்கும். என் ஆபீஸில் வேலை பார்த்த கோவில்பட்டிக்காரர் ஒருவர் நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டு அந்த நேரத்துக்கு அதை வாங்கித் தந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். ஃபோன் போட்டுப் பதினோரு பேரைச் சேர்த்ததும் அவர்தான்.

முதல் சீசனில் எல்லா ஆட்டமும் தோல்வி. பேஸ்பாலில் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்; நாங்கள் கிரிக்கெட் பழக்கத்தில் பந்தை அடித்தால் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். எதிரணிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு மயக்க மருந்து டாக்டர் வந்து சேர்ந்தார். கல்லூரியில் வேகப்பந்து வீசியவர். பந்து வீசும் பிட்சரும் அவரே, கேப்டனும் அவரே. அவர் வீசுவதைப் பிடிக்கும் கேட்சரான எனக்கு இடது உள்ளங்கை எந்நேரமும் வீங்கியிருக்கும். ஆனால் ஜெயிக்க ஆரம்பித்தோம். வீட்டில் இருப்பவர்கள் மடக்கு நாற்காலியோடு பார்க்க வந்தார்கள். அரையிறுதிவரை போய்விட்டோம்.

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் டாக்டர் ஃபோன் பண்ணினார். "அண்ணனை நாளைக்கு உட்கார வைக்கணும். சீசன் முழுக்க மூணே ஹிட். நீயே சொல்லிடு, நீ சொன்னா கேப்பாரு."

முடியாது என்று நான் சொல்லவில்லை. காலையில் அண்ணன் காரை நிறுத்தியதும் ஜன்னலருகே போனேன்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு மேட்ச் மட்டும் நீங்க வெளில..."

"புரியுதுப்பா. ஸ்கோர் எழுதவும் ஆள் வேணும்ல."

எழுதினார். அந்த ஆட்டத்தை ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் தோற்றோம்.

அடுத்த சீசன் முதல் சனிக்கிழமை போனபோது மைதானத்தில் ஒரு பள்ளிக்கூட அணி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அண்ணன் போட்டுவந்த விண்ணப்பத்தை இந்த முறையும் போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அண்ணன் வரவும் இல்லை. வேறு இடம் தேடினோம், இரண்டு மாதம்தான். டாக்டர் டாலஸுக்கு மாறிப் போனார், மூன்று பேருக்கு லேஆஃப். அதோடு முடிந்தது.

அண்ணனும் நானும் இன்றும் ஒரே தளத்தில்தான் வேலை பார்க்கிறோம். போன மாதம் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நான் சொன்னதுல வருத்தமாண்ணா?"

"நான் கேப்டனா இருந்தாலும் என்னை உட்காரத்தான் வெச்சிருப்பேன்" என்றார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "நீ வந்து சொன்னப்போ கார் பின் சீட்ல எம் பொண்ணு இருந்தா. அப்பா ஆடறதைப் பாக்கணும்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா வந்தா" என்றார்.

நான் அவளைப் பார்த்திருக்கவேயில்லை. இப்போது ஆஸ்டினில் படிக்கிறாளாம்.