வண்டியில்லாதவனின் ஹெல்மெட்

செருப்புக் கடையில் வேலை செய்பவனின் முகம் எந்நேரமும் வாடிக்கையாளரின் முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். ஷூவை மாட்டிவிட்டு, "டைட்டா இருக்கா சார்?" என்று நிமிர்ந்து கேட்க வேண்டும். அவன் நிமிர்ந்தால் போதும், வந்தவர்கள் ஷூவை மறந்துவிடுவார்கள். பத்தொன்பது வயது. நெற்றியில் ஆரம்பித்த பரு கன்னம், தாடை என்று ஓரிடம் விடாமல் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தது.

"பற்பசை தடவுப்பா, ஒரே வாரம்," என்பார் ஒருவர். "உருளைக்கிழங்கை நிறுத்து தம்பி," என்பார் இன்னொருவர். ஒரு பெரியவர், ஒரு காலில் புது ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்று, பருவால் தன் மச்சானின் கல்யாணம் நின்றுபோன கதையை முழுக்கச் சொன்னார். ஷூ வாங்கவில்லை.

அன்று மாலை அவன் ஒரு ஹெல்மெட் வாங்கினான். அவனிடம் வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது.

அதை மாட்டிக்கொண்டே பேருந்தில் போனான், தெருவில் நடந்தான். வீட்டில் முன்கண்ணாடியை இரண்டு விரல் உயர்த்தி, அந்த இடுக்கில் கரண்டியை விட்டுச் சாப்பிட்டான். அம்மா முதலில் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், அப்புறம் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பேசப் பழகிக்கொண்டாள். அக்காவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. "கழட்டுடா, நான் பாக்கல," என்று ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் கழற்றவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் படிந்த மூச்சின் ஆவி வெகுநேரம் விலகவில்லை.

கடை முதலாளி முதல் நாளே கேட்டார்.

"ஏம்பா, செருப்பு விக்கிறியா, ரேஸுக்குப் போறியா?"

"சளி சார்."

"சளிக்கு ஹெல்மெட்டா?"

அவர் மேலே பேசுவதற்குள், ஷூ போட மாட்டேன் என்று தரையில் புரண்டுகொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து வந்து அவனிடம் காலை நீட்டியது. அடுத்த வாரமே ஹெல்மெட் அண்ணன் கடை என்று பேராகிவிட்டது. முதலாளி மற்ற இரண்டு விற்பனையாளர்களுக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தார். அதில் ஒருவருக்கு ஐம்பது வயது. முகத்தில் ஒரு பரு கிடையாது. குனியும்போதெல்லாம் அவர்கள் தலைகள் டொக்கென்று மோதிக்கொள்ளும்.

உள்ளே வேர்த்து வேர்த்துப் பருக்கள் இரண்டு மடங்காயின. அக்கா அவனைத் தோல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"கழட்டுங்க," என்றார் அந்த டாக்டரம்மா.

"கண்டிப்பா கழட்டணுமா டாக்டர்?"

"நான் தோல் டாக்டர். எனக்குத் தோல் வேணும்."

கழற்றினான். அவர் முகம் சுளிக்கவில்லை, உச்சுக்கொட்டவுமில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தார்.

"மருந்து தரேன். குணமாக மாசக்கணக்கா ஆகும். இந்த ஹெல்மெட்ட முதல்ல விடுங்க."

"வேலை போயிடும் டாக்டர்."

"எங்க வேலை?"

"செருப்புக் கடையில," என்றாள் அக்கா.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். பிறகு, 'உடல்நலம் கருதி இவரைத் தலைக்கவசமின்றிச் செருப்பு விற்க அனுமதிக்கவும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலாளி அதைத் துக்கச் செய்திபோலப் படித்தார்.

மறுநாள் வெறும் முகத்தோடு கடையில் நின்றான். வந்த முதல் குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்து, "நீ இல்ல, அந்த அண்ணன்," என்று அழுதது. அதன் தாய், "அவரு லீவா?" என்று கேட்டாள். பருவை யாரும் கவனிக்கவேயில்லை. அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மருந்து மெல்ல வேலை செய்யத் தொடங்கிய நாட்களில், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தாயோடு வந்தாள். முடியை இழுத்துவிட்டுப் பாதி முகத்தை மறைத்திருந்தாள். தாய் அவனைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"இவளுக்கும் இதே கதைதான் தம்பி. நீங்க என்ன போடுறீங்க?"

"நான் எட்டாம் நம்பர் போடுறேம்மா," என்றான் அவன். "தங்கச்சிக்கு அஞ்சு சரியா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷூவைப் பார்க்க முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, காலை உள்ளே நுழைத்து விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு பத்தல," என்றாள். "ஆறு குடுங்க."