போத்தல் கழுத்தைக் கட்டித் தொங்கவிட்டவர்கள்

செய்தி என் காப்பிக் கடைக்குத்தான் வந்தது. காஹாங்கிலிருந்து மரம் ஏற்றி வரும் லோரிக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஒத்தக் கண்ணு மேஸ்திரி போயிட்டாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவராமே? முந்தாநாளே அடக்கம் பண்ணிட்டாங்க," என்றார். தெரிந்தவரா! ஜொகூர் பாருவில் சோடாக் கம்பெனியில் சவரிமுத்து மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்துத்தானே நான் மனுஷனானேன். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனியிலேயே அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். படத்துக்கு மாலை, ஊதுபத்தி, எல்லாம் இருந்தது. இப்போது கம்பெனியை நடத்தும் முதலாளியின் மருமகன் எழுந்து, "ஆட்களை உற்சாகப்படுத்தி வேலை வாங்குவது எப்படி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மேஸ்திரி," என்று தழுதழுத்தார். அடேயப்பா, என்ன நடிப்பு! எழுந்து வெளியே வந்துவிட்டேன். காஹாங்கில் மேஸ்திரியோடு பழகிய உங்களுக்காக, அங்கே ஒருவரும் வாய் திறக்காத விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

சின்னக் கம்பெனி அது. பெண்கள் போத்தல் கழுவுவார்கள், நாங்கள் இயந்திரத்தில் வைத்து கேஸ் ஏற்றுவோம், வண்டிக்காரர்கள் ஸ்கூடாய் வரைக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். போத்தலில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கேஸ் ஏறும்போது வெடித்துவிடும். அதனால் மேஸ்திரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். போத்தலை உடைத்தவரும் சரி, விரிசலைக் கண்டவரும் சரி, "போச்சு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். உடனே எல்லாரும் கையை நிறுத்திவிடுவோம். அவர் வந்து முதலில் ஆளைப் பார்ப்பார். பிறகுதான் போத்தலைப் பார்ப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியையே கீழே போட்டேன். முதலாளி வேறு எதிரே நிற்கிறார். எனக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. மேஸ்திரி ஓடிவந்தார். "அலமாக்! கால்ல விழுந்துச்சா? காட்டுப்பா. போத்தல் சிங்கப்பூர்லேருந்து வரும். உன் காலு எங்கேருந்து வரும்?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள், முதலாளியும்தான். அன்றைக்கு அப்புறம் அந்தக் கம்பெனி வேலையை நான் சொந்த வேலை போலத்தான் செய்தேன்.

கடைக்காரர் யாராவது நல்ல வார்த்தை சொன்னால் வண்டிக்காரர் அதை அன்றைக்கே வந்து சொல்லியாக வேண்டும். "பாக்கியம், ஒன் போத்தல் பளிங்கு மாதிரி இருக்காம். ஸ்கூடாய்க் கடையில சொல்லியனுப்பினாங்க," என்று கழுவியவளின் பெயரைச் சொல்லி எல்லார் காதிலும் விழும்படி மேஸ்திரி சொல்வார். "மெச்சுறதை ஊறப்போடக் கூடாதுப்பா, புளிச்சிரும்," என்பார். பாக்கியம் கையில் அதற்குப் பிறகு வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு ரப்பர் விலை விழுந்தது, வியாபாரம் படுத்தது. முதலாளி தன் மருமகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஆட்களுக்குப் பயம் விட்டுப்போனதால்தான் போத்தல் உடைகிறது என்று அவர் கண்டுபிடித்தார். யார் உடைத்தாரோ அவர் வேலை செய்யும் இடத்துக்கு மேலே அந்தப் போத்தலின் கழுத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். இன்னொருவர் உடைக்கும் வரை அது அங்கேயே தொங்க வேண்டும். இதுதான் உத்தரவு.

மேஸ்திரி நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னார். "வேணாங்க மொதலாளி. இப்ப கத்திச் சொல்றாங்க. இதைத் தொங்கவிட்டா வாயை மூடிக்குவாங்க."

"ரோஷம் வந்தாத்தான் மேஸ்திரி வேலை ஓடும்," என்றார் மருமகன். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே கணக்கு நோட்டைப் புரட்டினார்.

முதல் கழுத்து பாக்கியத்துக்கு மேலேதான் தொங்கியது. அவ்வளவு வேகமாகக் கழுவுகிறவள் கையில் ஒன்று இரண்டு உடையத்தானே செய்யும்? தண்ணீர் கேட்டு வருகிறவன்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றே வேலை செய்தாள்.

அதற்குப் பிறகு போத்தல் உடைவது நின்றுபோனது. "பாத்தீங்களா மேஸ்திரி?" என்று மருமகனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. உடைந்ததைப் பெண்கள் முந்தானையில் மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். விரிசல் விட்டதைத் துடைத்து நல்லதோடு சேர்த்து வைத்தார்கள். யாரும் கத்தவில்லை. மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். விடியற்காலையிலேயே வந்து ஒவ்வொரு போத்தலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு மனுஷன் எத்தனையைத்தான் பார்ப்பான்? ஒரு நாள் அவர் இயந்திரத்தின் பக்கம் குனிந்தபோது ஒரு போத்தல் வெடித்தது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு மருமகன் வந்தார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அது யாரு கழுவின போத்தல்?" என்றுதான் கேட்டார். வாசலில் நின்றிருந்த பாக்கியம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நான் கழுவினதுங்க," என்றார் மேஸ்திரி.

"நீங்க எங்க கழுவுறீங்க?"

"கழுவினேங்க. கழுத்தை என் எடத்துலயே தொங்கவிட்டுருங்க."

அந்த மகராசன் மெய்யாகவே தொங்கவிட்டார். மறுநாள் காலையில் மேஸ்திரியின் ஸ்டூலுக்கு மேலே அது ஆடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அதை அறுத்து எறிந்துவிட்டு முதலாளி எதிரிலேயே வெளியேறினாள். நானும் கூடவே கிளம்பிவிட்டேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு விரிசல் பார்க்க முடியாது என்று மேஸ்திரியையும் கம்பெனி அனுப்பிவிட்டது. அவர் காஹாங்கில் மகள் வீட்டோடு போய் இருந்துகொண்டார்.

ஒரு முறை அங்கே போய் அவரிடம் பொரிந்து தள்ளினேன். "விடுப்பா. அந்தப் பையன் மாமனாருக்குப் பயந்தான். அந்தப் பயத்தை நம்ம தலையில எறக்கி வெச்சான். அவ்வளவுதான்," என்றார். அவருக்கு அந்த மனசு இருந்தது. எனக்கு இல்லை, வரவும் வேண்டாம். அவர் படத்துக்கு மாலை போட்ட மருமகனின் கையை நான் மன்னிக்கப் போவதில்லை.

என் கடையில் இப்போது நாலு பேர் வேலை செய்கிறார்கள். நேற்றுப் பாத்திரம் கழுவும் பெண் கண்ணாடிக் கிளாஸ்களைத் தட்டோடு கீழே போட்டுவிட்டாள். பின்கட்டில் நடந்தது; மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவளே வந்து, "அண்ணே, ஒடைச்சுட்டேன்," என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மேஸ்திரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடுங்காத குரல் ஒன்றுதான். அதற்கு அவர் ஒரு கண்ணைக் கொடுத்தார்.