செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு?

“நீங்களா இருந்தா எதுக்குக்கா போவீங்க?”

அரும்பாவூரில் தேன்மொழி என்ற பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு ஏதோ ஒன்று சொல்லிவிட்டேன். அது பதில்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீடு வீடாகப் போய், யார் என்ன வேலை பார்க்கிறார்கள், கூலி கூடியதா குறைந்ததா என்று கேட்டு டேப் கணினியில் பதிவது என் வேலை. கணக்கெடுப்புக்கான ஒப்பந்தப் பணிதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் போகிறேன். மூன்று வருட அனுபவத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று தயக்கமாக இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

1. சும்மா இருப்பவர்கள்

எங்கள் ஷெட்யூலில், அதாவது கேள்விப் படிவத்தில், முக்கியமான பகுதி, கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்தார்கள் என்பது. பயிற்சியில் அது சுலபமாக இருந்தது.

முதல் நாள் மீன்சுருட்டிப் பக்கம் போனேன். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?”

“நான் எங்க வேலைக்குப் போறேன்மா. சும்மாதான் இருக்கேன்.”

நானும் ‘வீட்டு வேலை மட்டும்’ என்று பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் பெண்கள் எல்லோருமே சும்மாதான் இருந்தார்கள். மாலையில் சூப்பர்வைசர் சார் டேப்பைப் பார்த்தார்.

“ஏம்மா, முந்திரி உடைக்கிற ஊர்ல ஒரு பொம்பளைக்கும் வேலை இல்லையா? ஊரே லீவுல இருக்குதா?”

மறுநாள் அதே தெருவுக்கு மறுபடி போனேன். கறுத்த விரல்களைக் கண்ணால் பார்த்தும், காதில் விழுந்ததைத்தான் பதிந்திருந்தேன்.

அதன்பிறகு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு என்று கேட்டால் நினைவு வந்துவிடும்.

“செவ்வாயா... குழம்பு எங்க வச்சேன், ரசந்தான். மக்காச்சோளம் ஒடிக்கப் போயிட்டேன்ல.”

ரசம் வைத்த நாளில் வேலை இருந்திருக்கும். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் மழை பெய்திருக்கும், அல்லது யாரும் வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இப்படி ஒவ்வொரு குழம்பாகக் கேட்கக் கேட்க, மறந்துபோன நாட்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். சில மதியங்களில் கையில் டேப் இருப்பதே எனக்கு மறந்துபோகும். திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடினால், யார் யார் வீட்டுப் புளிவாசனையோ கூடவே வரும். சிமெண்ட் லாரி போகும் சாலையில் புளியமரங்கள் தூசியில் வெள்ளை பூத்து நிற்கும். நான் பார்த்தது அரியலூரா, அரைத்தூக்கத்தில் கண்ட வேறு ஊரா என்று தோன்றும்.

2. நான் சொன்ன பதில்

தேன்மொழியை வெங்காய வியாபாரியின் கொட்டகையில்தான் முதலில் பார்த்தேன். சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்து மூட்டை கட்டும் வேலை. கூலி மூட்டைக் கணக்கு. பிளஸ் டூ படித்தவள். கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். காற்றில் வெங்காயச் சருகு இளஞ்சிவப்பாகப் பறக்க, அவள் மகன் அதைப் பிடிக்கத் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தான். ஒன்றரை வயது. அப்போது என் மகளுக்கும் அதே வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கேள்விகள் முடிந்ததும் தேன்மொழி கேட்டாள்.

“செருப்புக் கம்பெனிக்கு ஆள் எடுக்குறாங்கக்கா. வேன் ஊருக்குள்ளயே வருதாம். மாசச் சம்பளம், பிஎஃப் எல்லாம் உண்டு. இங்க வெங்காய வரத்து இல்லன்னா கூலியும் இல்ல. ஆனா புள்ளைய கூட வச்சுக்கலாம். நீங்க எல்லா வூட்டுலயும் கேட்டுருக்கீங்க. நீங்களா இருந்தா எதுக்குக்கா போவீங்க?”

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த, அவள் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா சிரித்தார். “இரு, அவங்க டேப்புல தட்டிப் பாத்து ஜோசியம் சொல்லுவாங்க.”

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: கேட்பது மட்டும்தான் நம் வேலை, யோசனை சொல்வது இல்லை. தெரிந்தும் சொன்னேன்.

“கம்பெனிக்கே போங்க தேன்மொழி. தெனமும் வேலை இருக்கும்.”

மாதச் சம்பளக்காரர்களின் வரிசை டேப்பில் இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதனால் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளையை விட்டுவிட்டு வந்த எனக்கு, இன்னொருத்தியும் அப்படிச் செய்தால் ஆறுதலாக இருக்கும் என்பதும் அதில் இருந்ததோ என்னவோ.

3. ரீவிசிட்

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். தேன்மொழி கம்பெனியில் சேர்ந்திருந்தாள்; அவளுக்கு விடுமுறை என்பதால் ஞாயிற்றுக்கிழமை போனேன். கொடியில் கம்பெனிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஏழு நாளில் ஆறு நாள் முழு வேலை. பழக்கத்தில் கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு?”

யோசித்தாள். “தெரியலக்கா. மல்லிகா அக்காதான் ஆக்குறாங்க, புள்ளையயும் பாத்துக்குறாங்க. போட்டத சாப்புட்டுப் படுத்துருவேன். அவன் முழிக்கிறதுக்குள்ள வேன் வந்துரும். நான் வர்றதுக்குள்ள அவன் தூங்கிடுவான்.”

அப்போது மல்லிகா அக்கா பையனோடு வந்தார். அவன் தேன்மொழியைப் பார்த்துவிட்டு அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

“வாரத்துக்கு ஒருநா வர்ற விருந்தாளிடா. வாங்கன்னு சொல்லு” என்றார் மல்லிகா அக்கா. தேன்மொழியும் சிரித்தாள். சிரித்து முடித்துத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சம்பளம் என் அக்கவுண்ட்லதான்க்கா விழுது. இவனுக்குக் காது குத்த நானே தோடு எடுத்தேன். யார்ட்டயும் கேக்கல. அத நெனச்சா போவணும்னு இருக்கு. இவனப் பாத்தா நின்னுடலாம்னு இருக்கு. நின்னுட்டா திரும்ப எடுக்க மாட்டாங்களாம். நீங்கதான போவச் சொன்னீங்க, இப்பவும் நீங்களே சொல்லுங்க.”

“யோசிச்சு அடுத்த தடவ வரும்போது சொல்றேன்” என்றேன்.

“சரிக்கா. நீங்க வர்ற வரைக்கும் போயிட்டு இருக்கேன்.”

டேப்பில் அந்த வீடு இப்போது முன்னேறிய வீடு. போன சுற்றில் தினக்கூலி, இந்தச் சுற்றில் மாதச் சம்பளம். அதில் பொய் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது, என் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு என்று யோசித்துப் பார்த்தேன். பூலாம்பாடி தாண்டியும் நினைவு வரவில்லை.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். ஒருவருடைய ஏழு நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டால், எட்டாவது நாளைப் பற்றி அவர் நம்மிடம் கேட்பார். அதற்கு ஷெட்யூலில் இடம் கிடையாது.

அடுத்த மாதம் மறுபடி அரும்பாவூர் போகிறேன். அதுவரை தேன்மொழி வேனில் போய்க்கொண்டிருப்பாள். சிறு பிள்ளையை விட்டு வேலைக்குப் போனவர்களும், பிள்ளைக்காக வேலையை விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். ‘அது அவரவர் விருப்பம்’ என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்; அதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?