மீன் பெயர்களை எடுத்த தாலாட்டு

அந்தக் கேசட்டில் பதினொரு பேர் பாடியிருந்தார்கள். பதினொன்றும் ஒரே குரல் என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். எல்லாமே மெல்லிய, உயர்ந்த குரல்கள். எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்றே தெரியாது. ரேடியோவிலிருந்தும் கச்சேரி ரெக்கார்டுகளிலிருந்தும் நானே பிடித்துச் சேர்த்தவை. எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவர் பள்ளிக்கு டேப்ரெக்கார்டர் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் கர்வத்திலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நான் விழிதியூர்க்காரி. எழுபதுகளில், வீட்டில் எல்லோரும் நடவுக்கும் களைக்கும் போயிருக்கும் நேரத்தில், ரேடியோவில் காதை வைத்துப் பாட்டுக் கற்றவள். என் குரலிலிருந்த வயக்காட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் பிள்ளைகளையும் தேய்த்தேன். கேசட்டில் இருப்பவர்கள் ஐந்தரை கட்டையில் பாடினால் வகுப்பும் ஐந்தரை கட்டையில்தான் பாட வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரம். எட்டாத பிள்ளை வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏழாம் வகுப்பில் காரைக்கால்மேட்டு மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி அப்படித்தான் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கனத்த குரல். மூன்று கட்டைக்கு இறக்கியிருந்தால் சுகமாகப் பாடியிருப்பாள். ஒரு பிள்ளைக்காக இறக்குவதா என்று நான் இறக்கவில்லை. "ஏன் பாட மாட்டேங்கிற?" என்று ஒருநாள் அதட்டினேன். அவள் டேப்ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இதுல பாடுறவங்கல்லாம் ஒரே வீட்டு ஆளுங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டு ஆள் நானும் இல்லையே, எப்படி உள்ளே நுழைந்தேன் என்று யோசித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது பாடுவார்களா என்று கேட்டேன்.

"எங்கம்மா தாலாட்டு பாடும் டீச்சர். தம்பிக்கு."

"அப்ப உங்கம்மாவும் இந்த டேப்புல வருவாங்க, பாரு" என்றேன். அன்றைக்கு எனக்கு என்னையே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனேன். மகளைத் தண்ணீருக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் அம்மா அப்போதுதான் மீன் ஏலத்திலிருந்து திரும்பி, கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். நிதானமான பாட்டு. பிள்ளை கண்ணயர ஒவ்வொரு மீனாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மத்தி வரும், நெத்திலி வரும், வவ்வால் வரும், கடைசியில் சங்கரா வந்து பிள்ளைக்குக் காவல் இருக்கும். போட்டுக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கம்மா பாடுறாப்புலயே இருக்குங்க டீச்சரம்மா" என்றார்.

அங்கே இருந்தவரை அந்தக் குரல் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோது கெட்டுப்போனது. காற்று இரைந்தது. குரல் கரகரத்தது. மேலிடத்திலிருந்து அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வரும் வாரம் அது. வருகிறவர்கள் முன்னால் நெத்திலியும் மத்தியுமா? யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பில் முறையாகப் பாட்டுக் கற்ற பெண் ஒருத்தி இருந்தாள். மீன் பெயர்களை எடுத்துவிட்டுப் பூப் பெயர்களைப் போட்டு, மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தரை கட்டையில் அவளைப் பாடவைத்தேன். மத்தி இருந்த இடத்தில் மல்லி. அந்த அம்மா பாடிய அதே இடத்தில், அவர் குரலின் மேலேயே பதிந்தேன். வேறு கேசட் கிடைக்காமல் இல்லை. இதற்குப் போய் இன்னொரு கேசட்டா என்று இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் போட்டேன். தன் அம்மா வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் மகள். தலையில் கனகாம்பரம், இடம் மாறி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூக்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசிப் பூ போனதும் பட்டனை அழுத்தி நிறுத்தினேன். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்கம்மா எப்ப டீச்சர் வரும்?"

"அதே பாட்டுதாம்மா இது. தெளிவா இருக்கட்டுமேன்னு அக்காவப் பாட வச்சேன்."

"சரிங்க டீச்சர்" என்று உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பார்வையிட வந்தவர்கள் கேசட்டைக் கேட்டுவிட்டு, நாட்டுப்பாட்டைக்கூட எவ்வளவு பாங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வருஷ முடிவில் அவள் பள்ளியைவிட்டு நின்றுவிட்டாள். காரணம் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை, பயம்.

ஆறேழு வருஷம் கழித்து காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அதே கனத்த குரல். இடுப்பில் கைக்குழந்தை. அம்மா தை மாதம் தவறிவிட்டதாகச் சொன்னாள்.

"போட்டோ ஒன்னு கெடக்கு டீச்சர். கொரலுதான் மறந்து போயிடும்போல இருக்கு. இவளத் தூங்க வைக்கிறப்ப எடையில எடையில அம்மா எப்புடி இழுக்கும்னு தெரியல. அன்னைக்கு நீங்க புடிச்சீங்களே, அந்த டேப்பு எங்கயாச்சும் இருக்குங்களா?"

"பூசணம் புடிச்சிப் போச்சும்மா. தூக்கிப் போட்டாச்சு" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"பரவால்லங்க டீச்சர், கேட்டுப் பாப்போம்னு தோணுச்சு. டீச்சருக்கு டாட்டா சொல்லுடி" என்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

கேசட் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பூசணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அம்மா நிதானமாகப் பாடியவர். பத்தாம் வகுப்புப் பெண் வேகமாக முடித்துவிட்டாள். அவள் முடித்த இடத்துக்கு அப்பால் பழைய பதிவின் வால் அழியாமல் நிற்கிறது. பார்வையிட வந்தவர்கள் போன பிறகு நிறுத்த மறந்து ஓடவிட்டபோதுதான் கண்டுபிடித்தேன். அதை மட்டும் வேறு கேசட்டில் பதிந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். காரைக்கால்மேடு எங்கே ஓடிப்போய்விட்டது? கொடுத்தால், முன்னால் இருந்தது எங்கே என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு பிள்ளைக்கு அதன் தாயின் குரலைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். கடைசிப் பூ முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம். பிறகு காற்று. சங்கரா வந்து காவல் இருக்கிறது. பாட்டு நின்றதும் அந்த அம்மா, "போதுங்களா டீச்சரம்மா? எம் பொண்ணு கேக்குமா இத?" என்று கேட்கிறார்.

"கண்டிப்பா கேப்பா" என்கிறது என் குரல்.